ஊறுகாய் பாட்டிலுக்கு இருக்கிற தமிழ் என் மாத்திரைக்கு இல்லை: மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் மன அழுத்தத்துக்கு மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். 22 வருடமாக இதே வேலை. தினசரி காலண்டர், டைரி, பட்டாசு லேபிள், ஊறுகாய் பாட்டில் ஸ்டிக்கர் என்று எது வந்தாலும் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். புஸ்வாணப் பெட்டியில் ‘கையில் பிடித்துக்கொண்டு கொளுத்தாதீர்கள்’ என்று தமிழில் இருக்கும். ஊறுகாய் பாட்டிலில் ‘ஈரக் கரண்டி போடாதீர்கள்’ என்று இருக்கும். அந்தப் ‘போடாதீர்கள்’ என்பதில் ஒரு கொம்பு மாறினாலும் முதலாளியிடம் நான்தான் பாட்டு வாங்க வேண்டும்.

நான் ஏழு வருடமாக தினமும் விழுங்கும் மாத்திரையின் அட்டையில் தமிழில் ஓர் எழுத்து கிடையாது. இங்கிலீஷிலும் மருந்தின் பேர், டோஸ், தேதி, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்கிற எச்சரிக்கை, அவ்வளவுதான். விழுங்கினால் என்ன செய்யும் என்று எங்கும் இல்லை. பெட்டிக்குள் ஒரு மடித்த தாள் இருக்கும், உண்மை. ஆனால் பெட்டி மருந்துக்கடையிலேயே நின்றுவிடும். நம் கைக்கு வருவது அட்டை மட்டும்தான். சில நேரம் பத்தில் ஆறை மட்டும் கத்தரித்துக் கொடுப்பார்கள், அதில் மருந்தின் பேர்கூட பாதிதான் இருக்கும். ஒரு தடவை கடைக்காரரிடம் கேட்டு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். மடிப்பைப் பிரிக்கப் பிரிக்கத் துண்டு மாதிரி நீளுகிறது. எழுத்து ஐந்து பாயின்ட்கூட இருக்காது. அதுவும் உங்களுக்காக எழுதிய இங்கிலீஷ், எனக்காக இல்லை. தொழில்காரனாகச் சொல்கிறேன், யாரும் படிக்க வேண்டும் என்று நினைத்து அச்சடித்த தாள் இல்லை அது.

இதை மருந்துக் கம்பெனிக்கு அல்லவா எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கம்பெனிக்கு என் முகம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரையே விஷம், எல்லாம் கம்பெனிக்காரன் சூழ்ச்சி என்று வாட்ஸப்பில் சுற்றும் கூட்டத்தில் நான் இல்லை. 2018-இல் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வரும், அப்புறம் தூக்கம் கிடையாது. ஆடி 18-க்கு எங்கள் ஊரில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள்; அன்றைக்கு ஊரே ஒரு திருவிழா மாதிரி இருக்கும். நான் அச்சகத்துக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தேன். உயிரோடு இருப்பதே ஏதோ கடனுக்கு இருப்பது போல இருந்த காலம் அது. அதிலிருந்து என்னைத் தூக்கிவிட்டது மாத்திரைதான். நன்றி சொல்லத் தெரியாதவன் இல்லை நான். எனக்குக் குறை வேறு ஓர் இடத்தில்.

முதல் தடவை ஓ.பி.க்குப் போனபோது எனக்கு முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். என் முறை வந்ததும் தூக்கம், பசி, வேலை என்று கேட்டார்கள், சொன்னேன். சீட்டு எழுதினார்கள். எழுந்திருக்கும்போது, “வேற ஏதும் பண்ணுமாங்க சார்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் பண்ணாது. போயிட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்க.”

இந்த மடல் அந்த ‘ஒண்ணும் பண்ணாது’ பற்றித்தான். சொன்னவர் கெட்டவர் இல்லை. நான் பயப்படக் கூடாது என்று நினைத்துத்தான் சொன்னார். அந்த இரண்டு சொல்லுக்கு அடுத்த மூன்று வருடம் நான் என்ன விலை கொடுத்தேன் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் மாத்திரை எஸ்சிடாலோபிராம், 10 மில்லிகிராம். இரண்டாம் நாளே குமட்டல். சோற்றைப் பார்த்தால் ஓங்கரிப்பு. நிற்காத கொட்டாவி; பக்கத்து வீட்டுப் பெரியவர் துக்கத்துக்குப் போன இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கொட்டாவி விட்டு அவமானப்பட்டேன். அதைவிடக் கொடுமை, ஏற்கெனவே இருந்த படபடப்பு இரண்டு மடங்கானது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. இந்த மருந்துகளின் கணக்கே அப்படி என்று பிற்பாடுதான் தெரிந்தது. நல்லது செய்ய இரண்டு, மூன்று, சில பேருக்கு நாலைந்து வாரம்கூட எடுத்துக்கொள்ளும். தொந்தரவு முதல் நாளே வந்துவிடும். தொந்தரவில் பாதி இரண்டு வாரத்தில் தானாகக் குறைந்தும் விடும். இதை யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் நாளை எண்ணிக்கொண்டு இருந்திருப்பேன். சொல்லாததால், “உனக்கு முத்திப்போச்சுய்யா, அந்த மாத்திரையைத் தூக்கி எறி” என்று அம்மா அழுதாள். எனக்கும் முற்றிவிட்டது என்றே தோன்றியது. எத்தனை பேர் இந்த முதல் வாரத்திலேயே மாத்திரையை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, நமக்கு இந்த வைத்தியம் ஒத்துக்கொள்ளாது என்று முடிவு கட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இளவயதுக்காரர்களுக்கு இந்தத் தொடக்க வாரங்கள் இன்னும் கவனிக்க வேண்டியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-இல் குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று இந்த மாத்திரைகளின் தாளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தது. 2007-இல் அதை 24 வயது வரைக்கும் நீட்டியது. இது உங்களுக்குத் தெரியாததில்லை. காலேஜ் பிள்ளைக்கு எழுதும்போது கூட வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குத் தெரியுமா? வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளப் போவது அவர்கள்தானே.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூன்று மாதத்தில் முன்னேற்றம் போதவில்லை என்று பராக்ஸெடினுக்கு மாற்றினார்கள். 12.5-இல் தொடங்கி 25. அது எனக்குக் கேட்டது. தூக்கம் வந்தது, அழுகை நின்றது, வேலை ஓடியது. கூடவே உடம்பும் போட்டது. ஒன்றரை வருடத்தில் 11 கிலோ. “என்னப்பா, நல்லாச் சதை வெச்சிருக்க, வாழ்க்கை நல்லாப் போகுது போல” என்று டீக்கடையில் கேட்பார்கள். சிரித்துக்கொள்வேன். ராத்திரி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக மகள் சொன்னாள். காலையில் தாடை வலிக்கும், இட்லிகூட மெல்ல முடியாது. தலையிலிருந்து வியர்வை சொட்டி புரூஃப் தாளில் மை கலங்கும். இதெல்லாம் பரவாயில்லை. உயிருக்கு முன்னால் தாடை என்ன பெரிய விஷயம்.

அடுத்து வரும் இரண்டும்தான் கஷ்டம்.

2020 தொடக்கத்தில் அப்பா இறந்துபோனார். வீட்டு வாசலில் பந்தல், அத்தைமார் ஒப்பாரி, கொட்டுச் சத்தம், எல்லாம் இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. அப்பா இறந்துவிட்டார் என்று அறிவுக்குத் தெரிகிறது, இழப்பு என்றும் தெரிகிறது, நெஞ்சுக்குள் எதுவும் அசையவில்லை. கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போது பெரிய அத்தை, “பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, நெஞ்சு கல்லாப் போச்சா உனக்கு?” என்று கேட்டாள். கல்தான் என்று நானே நம்பினேன். அதே வருடம் மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினாள்; எல்லாரும் தட்டும்போது நானும் தட்டினேன். நாலு கலர் மெஷினில் மஞ்சள் தீர்ந்துபோன பிறகும் தாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். படம் விழும், உருவம் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் முகம் முகமாக இருக்காது, புல் புல்லாக இருக்காது. அப்படி ஒரு வருடம் ஓடினேன். இந்த வகை மாத்திரை சாப்பிடும் பலருக்கு இப்படி மரத்துப்போகும் என்றும், டோஸைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ சரியாக வாய்ப்பு உண்டு என்றும் அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்று வீட்டு விஷயம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, பேர் போடாமல் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆசை என்பது வராமலே போனது. வந்தாலும் உடம்பு கடைசி வரைக்கும் ஒத்துழைக்காது. ஐந்து மாதம், ஆறு மாதம் என்று போனது. ஒரு நாள் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு என் மனைவி கேட்டாள்: “என்னங்க, என் மேல எதுவும் கோவமா?” இல்லை என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு என்ன தெரியும்? அவள் வேறு யாரையாவது நினைத்துச் சந்தேகப்பட்டாள் என்று ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள். என் போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். நானோ, மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியரிடம் போய் லேகியத்துக்கு மூவாயிரம் ரூபாய் அழுதேன். மாத்திரையாக இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. ஒண்ணும் பண்ணாது என்று டாக்டரே சொல்லிவிட்டாரே.

இந்த மாத்திரைகளில் இது அபூர்வமாக வரும் விளைவு இல்லை. ரொம்பச் சாதாரணமாக வருவது. பராக்ஸெடினில் கொஞ்சம் கூடுதலாகவே வரும். சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடிக்கலாம் என்பதைத் தாளில் சேர்க்கச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் பரிந்துரைத்தது. நீங்கள் கேட்டால் ஒழிய நாங்கள் வாய் திறக்க மாட்டோம், டாக்டர். எங்கள் ஊர் ஓ.பி.யில் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த நோயாளி என் தோளுக்குப் பின்னால் நிற்பார், நர்ஸ் கதவருகே டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் தாம்பத்தியம் பற்றிப் பேச எந்த ஆம்பளைக்கு, எந்தப் பொம்பளைக்கு வாய் வரும்?

கடைசியில் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். 2021 செப்டம்பர். நன்றாகத்தானே இருக்கிறோம், இனி எதற்கு என்று மாத்திரையை நானாக நிறுத்தினேன். முதலில் பாதியாக உடைத்து நாலு நாள். அப்புறம் அதுவும் இல்லை. அது மெதுவாகக் கரைவதற்கென்றே மேலே பூச்சு போட்ட மாத்திரை, உடைக்கவே கூடாது என்பதும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை. 2022 காலண்டரின் மார்ச் மாதப் பக்கங்கள் மேஜையில். இடது பக்கம் ஜோசியர் கொடுத்த மூலப்பிரதி, வலது பக்கம் புரூஃப். புரூஃப் பார்ப்பது என்பது ஒரு நாளைக்குச் சில ஆயிரம் தடவை கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பும் வேலை. ஒவ்வொரு தடவை கண்ணைத் திருப்பும்போதும் தலைக்குள் சுளீர் என்று ஒரு கரண்ட் அடித்தது. வலி இல்லை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டது மாதிரி, மண்டைக்குள். ராகு காலம், சுளீர். எமகண்டம், சுளீர். சந்திராஷ்டமம் வரும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். தரை ஆடியது, குமட்டியது, ராத்திரி கண்ணை மூடினால் சினிமா மாதிரிக் கனவு. காரணமே இல்லாமல் மகளிடம் கத்தினேன். அன்றைக்கு ஒரு வெள்ளிக்கிழமைக்கு ராகு காலம் 10.30 முதல் 12 என்று இருக்க வேண்டியது 12 முதல் 1.30 என்று இருந்ததைப் பார்க்காமல் விட்டேன். மெஷின் ஏறும் முன்னால் பைண்டிங் பையன் கண்டுபிடித்தான். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும் வெள்ளிக்கிழமை ராகு காலம் எது என்று. 22 வருட சர்வீஸில் அப்படி ஒரு தப்பு நான் விட்டதில்லை.

பக்கவாதம் வரப்போகிறது என்று நினைத்து மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். ஆறாயிரம் ரூபாய். ஸ்கேன் சுத்தமாக இருந்தது. “நெர்வ்ஸ் வீக்னஸ்” என்று வைட்டமின் கொடுத்து அனுப்பினார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மனநல மாத்திரை என்று சொல்ல வெட்கம்.

அதற்கு அப்புறம் வேறு ஓர் ஊரில் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். நான் கரண்ட் அடிப்பதைச் சொல்லி முடிக்கும் முன்னே, “என்றைக்கு நிறுத்தினீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. பராக்ஸெடின் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும், ஏறக்குறைய ஒரே நாளில் பாதியாகிவிடும். அதனால் சட்டென்று நிறுத்தினால் மூளை தடுமாறும். ஃபுளுவாக்ஸெடின் மாதிரி நாள் கணக்கில் தங்கும் மாத்திரையில் இந்தத் தொல்லை குறைவு என்று ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். இது அடிமைத்தனம் இல்லை, கஞ்சா சாராயம் மாதிரி ஏங்க வைக்காது, ஆனால் விடும்போது படிப்படியாகத்தான் விட வேண்டும் என்றார். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லாததால்தான் ஊரில் ‘அந்த மாத்திரை பிடிச்சா விடாது’ என்ற பேச்சு நிற்கிறது.

அப்புறம் அவர், தூக்கம் எப்படி என்று கேட்ட அதே குரலில், கண்ணை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே, “தாம்பத்தியத்தில் ஏதாவது சிரமம் இருக்கா?” என்று கேட்டார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தலையாட்டினேன். “இது மாத்திரையால வர்றது. நிறையப் பேருக்கு வரும். மாத்திக்கலாம்” என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூ விற்கிற அம்மா என்னவோ ஏதோ என்று பார்த்தது.

பழைய டோஸுக்குத் திரும்பி, அங்கிருந்து எட்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கடைசி இறக்கம்தான் மெதுவாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னார். நடுவில் புப்ரோபியான் என்ற இன்னொரு மன அழுத்த மாத்திரையைச் சேர்த்தார். அதற்கு முன் வலிப்பு வந்ததுண்டா என்று இரண்டு தடவை கேட்டார், வாய் வறளும், தூக்கம் கொஞ்சம் குறையும், சாயங்காலத்துக்கு மேல் சாப்பிடாதீர்கள் என்றார். வாய் வறளத்தான் செய்கிறது. மேஜையில் சொம்புத் தண்ணீர் வைத்திருக்கிறேன். சொல்லி வந்த விருந்தாளி என்பதால் கோபம் வருவதில்லை.

இவ்வளவும் ஒரு மனிதனுக்கு நடந்த கதை. இதை வைத்துச் சட்டம் பேசலாமா என்றால், சட்டம் ஏற்கெனவே பேசிவிட்டது. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவைத் தேடிப் படித்தேன். நோயின் தன்மை என்ன, என்ன சிகிச்சை தரப்போகிறார்கள், அந்தச் சிகிச்சையின் தெரிந்த பக்கவிளைவுகள் என்ன என்று அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று அதில் இருக்கிறது. அதுவும் அவருக்குப் புரியும் மொழியில், புரியும் வடிவத்தில். எழுத்தெண்ணிப் படிப்பவன் நான். ‘பக்கவிளைவு’ என்ற சொல் அங்கே தெளிவாகவே இருக்கிறது. ‘ஒண்ணும் பண்ணாது’ என்பது அந்தப் பிரிவுக்கு எந்த விதத்தில் பதிலாகும்?

நீங்கள் சொல்லப்போகும் மறுப்பும் எனக்குத் தெரியும். சொன்னால் பயந்து சாப்பிட மாட்டார்கள். சொன்னாலே இல்லாததும் வந்துவிடும். இதில் உண்மை இருக்கிறது. 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வில், இந்த வகை மாத்திரையை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது தொந்தரவு வந்தது; மருந்தே இல்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு வந்தது. ஆக மருந்தாலேயே வருவது ஆறேழு பேரில் ஒருவருக்கு, கடுமையாக வருவது 35 பேரில் ஒருவருக்கு என்று கணக்குப் போட்டார்கள். பரவாயில்லை, இதையும் சேர்த்தே சொல்லுங்களேன். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வராது, வந்தால் இப்படி இருக்கும், வந்தால் எங்களிடம் வாருங்கள் என்று. இங்கிலாந்தின் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2019-இல் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டு, மாத்திரையை எப்படி இறக்குவது என்று நோயாளிகளுக்கே ஒரு கையேடு எழுதி அடுத்த வருடம் வெளியிட்டது. அதனால் அங்கே யாரும் பயந்து ஓடிவிடவில்லை.

பயப்படாமல் இருந்ததால் என்ன நடக்கிறது என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஓர் ஆள் உண்டு. 70 வயதுப் பாட்டி. கணவர் போன பிறகு சாப்பாடு தண்ணி இல்லாமல் கிடந்தவருக்கு எஸ்சிடாலோபிராம் கொடுத்தார்கள். ஏற்கெனவே பிரஷருக்கு, ஒன்றுக்குப் போக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டே வாரத்தில் நாள் கிழமை மறந்தார், மகனையே யாரென்று கேட்டார். வயசுக் கோளாறு, புருஷன் போன ஏக்கம் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். தடுமாறி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் அதலபாதாளத்தில். வயதானவர்களுக்கு இந்த மாத்திரையில் சோடியம் இறங்கும், அந்த நீர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும் என்பது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிற சமாச்சாரம். குழப்பமாகப் பேசினால் உடனே கூட்டிவாருங்கள் என்று மகனிடம் சொல்ல அரை நிமிடம் ஆகுமா? மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வர வாய்ப்புக் கூடும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம். எங்கள் வீடுகளில் வலி மாத்திரை உப்பு புளி மாதிரி.

இன்னொரு சங்கதி சொல்ல வேண்டும், படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மன அழுத்தத்துக்கு மாத்திரை என்ற ஒன்று உலகத்துக்குக் கிடைத்ததே பக்கவிளைவால்தான். 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். காசநோய்க்குக் கொடுத்ததில் நோயாளிகளுக்கு வேண்டாத உற்சாகம் வந்தது. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் வராந்தாவில் ஆடினார்கள். யாரோ அதைக் கவனித்து எழுதி வைத்ததால்தான் அது அடுத்த சில வருடங்களில் மன அழுத்தத்துக்கான மருந்தானது. பிறகு ஈரலைக் கெடுக்கிறது என்று அதைக் கைவிட்டார்கள், அதுவும் கவனித்ததால்தான். நோயாளி ‘இந்த மாத்திரை என்னை என்னவோ பண்ணுது’ என்று சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டதில் பிறந்த வைத்தியம் உங்களுடையது.

நோயாளியே பக்கவிளைவைப் புகார் செய்ய வழி இருக்கிறது என்பதும் நிறையப் பேருக்குத் தெரியாது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது, இப்போது காசியாபாத்தில் இருந்து. அதற்கான படிவம் தமிழிலும் உண்டு. 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். படிவத்தை நான் நிரப்பி அனுப்பினேன். தமிழ் சுமார்தான், இரண்டு ஒற்றுப்பிழை. ஆனாலும் தமிழ். உங்கள் அறைச் சுவரில் அந்த எண்ணை ஒட்டி வைத்தால் என்ன?

நேரம் இல்லை என்பீர்கள். காலையில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஆளுக்குப் பத்து நிமிடம் கேட்பது நியாயம் இல்லை, எனக்குப் புரிகிறது. அதனால் நேரம் கேட்கவில்லை. அரைத் தாள் கேட்கிறேன். மாத்திரையோடு கையில் கொடுக்க ஓர் அரைத் தாள், தமிழில். முதல் இரண்டு வாரம் குமட்டலாம், படபடப்பு கூடலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால், அல்லது சாகத் தோன்றினால், தேதி வரும் வரைக் காத்திருக்காமல் வாருங்கள். வியர்க்கலாம், எடை கூடலாம், பல் கடிக்கலாம். மனசு மரத்தது போல் ஆகலாம். தாம்பத்தியத்தில் சிரமம் வரலாம், அது உங்கள் குறை இல்லை, எங்களிடம் சொல்லுங்கள், சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தத் தாளில் ஒரு டிக் போட்டு நீட்டுங்கள். வேறு எந்த டாக்டரிடம் போனாலும், மருந்துக்கடையில் எது வாங்கினாலும் இந்த மாத்திரையின் பேரைச் சொல்லுங்கள். உடைக்கலாமா கூடாதா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்த ஆசைப்பட்டால் வாருங்கள், சேர்ந்து இறக்கலாம்.

இவ்வளவுதான், அரைத் தாளில் அடங்கும். மொழியில் மட்டும் கவனம் வேண்டும். ‘பாலியல் செயலிழப்பு’, ‘உணர்வு மழுங்கல்’, ‘மின்னதிர்வு போன்ற உணர்திறன் கோளாறு’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. தலைக்குள் கரண்ட் அடிப்பது போல் இருக்கும் என்று எழுதுங்கள். அது வந்தவனுக்கு உடனே பிடிபடும். எழுத்து 12 பாயின்ட்டுக்குக் கீழே போக வேண்டாம். இந்த மாத்திரையில் சில பேருக்குக் கண்ணும் கொஞ்சம் மங்கும். 70 ஜிஎஸ்எம் தாள், ஒரே கலர் போதும், செலவு ஒன்றும் பெரிதில்லை.

யாராவது எழுதி அனுப்பினால் புரூஃப் நான் பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். வந்த அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். ஆடி 18-க்கு மேல் வந்தால் மட்டும் ஒரு நாள் கூடப் பிடிக்கும், காலண்டர் சீசன்.

இப்படிக்கு,
உங்கள் ஓ.பி.யில் முன்பு ஒரு டோக்கன் நம்பராக இருந்தவன்,
சிவகாசி